கௌபாய் வேஷம் கட்டும் பெரிசுகள்

வாசகர் கேள்வி, 11 பிப்ரவரி 2024

அண்ணே, நேற்று நீங்கள் போட்ட படங்களைப் பார்த்தேன். எல்லாருக்கும் அறுபது எழுபது வயது இருக்கும். தொப்பி, பூட்ஸ், இடுப்பில் இரண்டு துப்பாக்கி. பள்ளி ஆண்டு விழா மாறுவேடப் போட்டி மாதிரி இருக்கிறது. “அந்தக் காலம் எளிமையானது” என்று ஒருவர் சொன்னதாக வேறு எழுதியிருக்கிறீர்கள். ஆளாளுக்குச் சுட்டுக்கொண்ட காலத்தில் என்ன எளிமை? பெரிசுகளுக்குப் பொழுது போகவில்லை, அவ்வளவுதானே?

11 பிப்ரவரி 2024

பொழுது போகவில்லை என்பது பாதி உண்மை. மாறுவேடப் போட்டி என்பது முக்கால் உண்மை. எளிமைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அங்கே என்னதான் நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இதற்குப் பெயர் கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங். 1980களின் தொடக்கத்தில் தெற்கு கலிஃபோர்னியாவில், கோட்டோ டி காசா என்ற இடத்தில் சில நண்பர்கள் விளையாட்டாக ஆரம்பித்தது. 1987-ல் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி என்று சங்கமாகப் பதிவானது. எல்லாரும் சாஸ் என்பார்கள். ஆளுக்கு நாலு துப்பாக்கி: இரண்டு ரிவால்வர், ஒரு லீவர் ரைபிள் (விசைக்குக் கீழே இருக்கும் பிடியைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றுவது), ஒரு ஷாட்கன். எல்லாமே 1900-க்கு முந்தைய வகையாக இருக்க வேண்டும். அசலாகவும் இருக்கலாம், நகலாகவும் இருக்கலாம். எதிரே நிற்பது ஆள் இல்லை, 16 அங்குல இரும்புத் தகடு. ரிவால்வர் தகடு ஏழிலிருந்து பத்து கஜத்துக்குள் இருக்கும். எங்கள் ஊர் வீட்டுத் திண்ணையிலிருந்து கொல்லைப்புறம் வரைகூட வராது. டைமர் பீப் என்றதும் சுட ஆரம்பிக்க வேண்டும். ஆன நேரம்தான் மதிப்பெண். தகட்டைத் தவறவிட்டால் ஒன்றுக்கு 10 நொடி கூடும்.

ரிவால்வர் இரண்டிலும் ஆறாறு, ரைபிளில் பத்து, ஷாட்கனில் நாலு. கை தேர்ந்தவர்கள் 20 நொடிக்குள் முடித்துவிடுவார்கள். நான் முதல் தடவை எடுத்துக்கொண்டது 74 நொடி. அதில் தவறவிட்டதற்கான கணக்கு சேரவில்லை.

12 பிப்ரவரி 2024

இரண்டு திருத்தம். அவசரத்தில் எழுதினால் இப்படித்தான்.

தவறவிட்டால் கூடுவது 5 நொடி. வரிசை மாற்றிச் சுட்டால்தான் 10. இரண்டும் எனக்கு அடிக்கடி கிடைப்பதால் குழப்பம்.

ஆறாறு என்று எழுதியதும் தப்பு. ஐந்து ஐந்துதான். இதை விட்டது பெரிய பிழை, ஏனென்றால் இந்த விளையாட்டின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. 1873-ல் வந்த கோல்ட் கம்பெனி ரிவால்வருக்கு ஆறு அறை உண்டு. ஆனால் அடிக்கும் சுத்தியலின் முனை நேராகத் தோட்டாவின் பின்புறத்தில் உட்கார்ந்துவிடும். கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டால் வெடித்துவிடும். அதனால் ஓர் அறையைக் காலியாக விட்டு, சுத்தியலை அதன்மேல் இறக்கி வைக்க வேண்டும்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒன்று போடு, ஒன்று விடு, நாலு போடு, சுத்தியலை முழுக்க இழு, மெதுவாக இறக்கு. இந்த வரிசையில் செய்தால் காலி அறை தானாகச் சுத்தியலுக்கு அடியில் வந்துவிடும். முதல் நாள் எனக்கு இது மந்திரம் மாதிரித் தெரிந்தது. வீட்டுக்கு வந்து காகிதத்தில் ஆறு வட்டம் போட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கியது. இன்றும் தோட்டா போடும் மேஜையில் நிற்கும்போது வாய்க்குள் முணுமுணுக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் சுலோகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

15 பிப்ரவரி 2024

“கௌபாய் என்றால் குதிரை எங்கே?” என்று ஒருவர். குதிரை மேலிருந்து சுடுகிற போட்டியும் உண்டு, அது தனி. எங்கள் கூட்டத்தில் முட்டி மாற்று அறுவை செய்துகொண்டவர்களே நாலு பேர், குதிரையில் ஏற்றினால் இறக்குவது யார்? துப்பாக்கிகளைக் குழந்தை வண்டி மாதிரி ஒரு மரத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வருவார்கள்.

ஆனால் தமிழ் தெரிந்தவனுக்கு இதில் ஒரு சௌகரியம். நான் சுத்தியல் என்று எழுதுகிறேனே, அதற்குப் பழைய தமிழ்ச் சொல் என்ன தெரியுமா? குதிரை. பழைய அகராதியில் இருக்கிறது. ஆக, இவர்களிடம் ஆளுக்கு இரண்டு குதிரை இருக்கிறது, இடுப்பில். இதைப் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு விளக்கிச் சொன்னேன். பத்து நிமிஷம் சிரித்தார். அதற்குப் பிறகு தோட்டா மேஜையில் “குதிரையைக் கட்டிப்போட்டாயா?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். வேறு யாருக்கும் புரிவதில்லை.

பெரியவரைச் சொல்லவில்லையே. ஆஸ்டினுக்கு வடக்கே எங்கள் தெருவில், எனக்கு அடுத்த வீடு. ஏசி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை இதில் இழுத்துவிட்டதே அவர்தான்.

2 மார்ச் 2024

“நானும் எச்-1பி விசாவில் டெக்சஸில்தான் இருக்கிறேன், வரலாமா?” என்று தனிச்செய்தியில் கேட்ட தம்பிக்கு: பார்க்க வா, துப்பாக்கியைத் தொடாதே. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய சட்டம். வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் உண்டு. அதை இணையத்தில் என்னிடம் கேட்காதே, வக்கீலிடம் கேள்.

நான் எட்டு வருஷம் வெறும் கையோடு போய் வந்தவன். எனக்குக் கிடைத்த வேலை ஸ்பாட்டர். சுடுபவருக்குப் பின்னால் மூன்று பேர் நின்று, எத்தனை தகடு தவறியது என்று எண்ண வேண்டும். மூன்றில் இருவர் சொல்வது செல்லும். கண்ணைவிடக் காது முக்கியம். நடுவில் பட்டால் “டங்” என்று கோவில் மணி மாதிரிக் கேட்கும். ஓரத்தில் உரசினால் “டிக்” மட்டும்தான். அந்த “டிக்” பட்டதா படவில்லையா என்று எழுபது வயது ஆட்கள் வெயிலில் நின்று ஐந்து நிமிஷம் வாதாடுவதைப் பார்த்தால், நீங்கள் சொல்லும் மாறுவேடப் போட்டி இல்லை இது என்று புரியும். எங்கள் தெரு கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. சண்டை இப்படித்தான் இருக்கும்.

கிரீன் கார்டு வந்த வாரம் பெரியவர் எனக்கு ஒரு தோல் பெல்ட் கொடுத்தார். அவருடைய பழைய பெல்ட்தான், எனக்கு இரண்டு துளை கூடுதலாகப் போட வேண்டியிருந்தது.

10 மார்ச் 2024

இப்போது என் பக்கத்துக் கதை. நான் விருதுநகர் பக்கம். எங்களுக்கு கௌபாய் என்றால் ஹாலிவுட் கிடையாது. சிவகாசியில் அச்சான லயன் காமிக்ஸ், அதில் வந்த டெக்ஸ் வில்லர். எங்கள் ரேஞ்சர் அரிசோனாவில் குதிரை ஓட்டியது சுத்தத் தமிழில். பிறகுதான் தெரிந்தது, 1948-ல் அவர் பிறந்தது இத்தாலியில் என்று.

அமெரிக்கா வந்து பெரியவரின் ரிவால்வரை முதலில் உற்றுப் பார்த்தபோது இன்னொரு வேடிக்கை. குழலுக்கு அடியில் சின்ன எழுத்தில் உபெர்ட்டி என்று இருந்தது. இத்தாலி! ப்ரெஷா பக்கம் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் கார்டோன் வால் டிராம்பியா, ஐந்நூறு வருஷமாகத் துப்பாக்கி செய்கிற ஊர். உபெர்ட்டி கம்பெனி 1959-ல் அங்கே தொடங்கி, முதலில் செய்தது 1851-ஆம் வருஷத்து நேவி கோல்ட்டின் நகல். அமெரிக்கர்கள் உள்நாட்டுப் போரின் நூற்றாண்டைக் கொண்டாடத் தயாராகிக்கொண்டிருந்த சமயம், கேட்கவா வேண்டும். இன்று எங்கள் மைதானத்தில் பத்துப் பேரை நிறுத்திப் பார்த்தால் ஏழெட்டுப் பேர் இடுப்பில் இத்தாலிதான். டெக்சஸ்காரர் தன் தாத்தா காலத்தை இத்தாலியிலிருந்து இறக்குமதி செய்கிறார், நானும் என் சின்ன வயசை அங்கிருந்துதான் இறக்குமதி செய்திருக்கிறேன். அதைச் சொன்னால் பெரியவர் முறைக்கிறார்.

11 மார்ச் 2024

“சினிமாப் படங்களில் வருகிற அதே வின்செஸ்டர் 1873 லீவர் ரைபிளா உங்களுடையது?” துப்பாக்கி அதே பெயர்தான், ஆனால் படங்களில் வருவது பெரும்பாலும் அது இல்லை. ஹாலிவுட்காரர்கள் கையில் நிறைய இருந்தது 1892 மாடல், ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. 1870களில் நடக்கிற கதையிலும் கதாநாயகன் கையில் 1892-ஐக் கொடுத்துவிடுவார்கள். இருபது வருஷம் முன்னாடியே வாங்கிவிட்டார் போலிருக்கிறது. இது தெரிந்த பிறகு என்னால் நிம்மதியாக ஒரு வெஸ்டர்ன் படம் பார்க்க முடியவில்லை. வீட்டில் என்னோடு உட்கார்ந்து பார்க்கவும் யாரும் தயாராக இல்லை.

6 ஏப்ரல் 2024

கருமருந்து, அதாவது அந்தக் காலத்துப் புகை கக்கும் வெடிமருந்து, அதைப் பற்றி எழுதச் சொன்னீர்கள்.

பெரும்பாலானவர்கள் இப்போதைய புகையில்லா மருந்தில்தான் சுடுகிறார்கள். ஆனால் ஒரு சிறு கோஷ்டி பழைய கருமருந்தை விடாது. அதற்கென்று தனிப் பிரிவே உண்டு. அவர்கள் அதைச் செல்லமாகப் ‘புனிதக் கருப்பு’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. “பட்” என்று இருக்காது, “தூம்” என்று வரும். முதல் குண்டுக்குப் பிறகு தகடு தெரியாது. காற்று அசையாத நாளில் ஐந்தாவது குண்டை ஞாபகத்தை வைத்துத்தான் சுட வேண்டும். ஸ்பாட்டர்கள் பாடு திண்டாட்டம்.

பெரியவர் அந்தக் கோஷ்டி. முதல் தடவை அவர் பின்னால் நின்றபோது அந்தப் புகை என் மேல் வந்து கவிந்தது. கந்தக நெடி. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. புகையால் இல்லை. விடிகாலை நாலு மணி, தலையில் எண்ணெய், அம்மா அடுப்படியில், தெருவில் யாரோ முதல் சரத்தைக் கொளுத்திவிட்டார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. டெக்சஸில் ஒரு மாட்டுப் பண்ணை ஓரத்தில் நின்றுகொண்டு ஒருவன் தீபாவளிக்காகக் கண் கலங்கினால் என்ன சொல்லிச் சமாளிப்பது? புகை என்றேன்.

தொழில்நுட்பம் கேட்டவருக்கு: கருமருந்துக்காரர்கள் .44-40 என்ற பழைய தோட்டா வகையை விரும்புவதற்குக் காரணம் அதன் பித்தளை வாய் மெல்லியது. வெடித்ததும் விரிந்து அறையை அடைத்துக்கொள்ளும், கரி பின்னால் வந்து ரைபிளின் உள்பாகத்தில் ஒட்டாது. .45 கோல்ட் என்ற தோட்டாவில் அந்த வசதி குறைவு. 19-ஆம் நூற்றாண்டில் வின்செஸ்டர் .45 கோல்ட்டுக்கு லீவர் ரைபிள் செய்யவே இல்லை. இன்று விற்கிற .45 கோல்ட் லீவர் ரைபிள் அசலே இல்லாத நகல்.

13 ஏப்ரல் 2024

புளி விவகாரம். ஏற்கெனவே இங்கே இரண்டு பேர் இதைக் கேட்டுச் சிரித்தாயிற்று, முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

சுட்ட பித்தளைக் குப்பிகளைத் தூக்கிப் போடுவதில்லை. பொறுக்கி, கழுவி, புது மருந்தும் காரீயக் குண்டும் போட்டுத் திரும்பப் பயன்படுத்துவார்கள். கருமருந்தில் சுட்ட குப்பி கன்னங்கரேலென்று இருக்கும். பெரியவர் சிட்ரிக் அமிலத்தில் ஊறப்போடுவார். பித்தளைக்குப் புளியை விட என்ன அமிலம் வேண்டியிருக்கிறது என்று எனக்குள் இருந்த விருதுநகர்க்காரன் விழித்துக்கொண்டான். இருநூறு குப்பியை வாங்கி வந்து, ஒரு கைப்பிடி புளியைக் கரைத்து, ராத்திரி முழுக்க ஊறவைத்தேன்.

காலையில் பார்த்தால் பொங்கல் பானை மாதிரிப் பளபள. பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தார். புளியை வடிகட்டவில்லை. அடியில், சுத்தியல் பட்டதும் பொறி தட்டும் மருந்துக்கேப்பு உட்காரும் சின்னக் குழி இருக்கிறதே, அதில் எல்லாம் நார். இருநூறு குப்பியிலும். ஊசியை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன், சனி ஞாயிறு இரண்டு நாளும் போனது.

அந்தப் பாத்திரம் குப்பைக்குப் போய்விட்டது. அதில் நியாயம் இருக்கிறது. சுட்ட குப்பியில் காரீயம் ஒட்டியிருக்கும், சமையல் பாத்திரத்தில் ஊறப்போட்டது என் முட்டாள்தனம். யாரும் செய்யாதீர்கள்.

ஒரே லாபம், பெயர் கிடைத்தது. சாஸில் சேரும்போது ஒரு புனைபெயர் பதிய வேண்டும். ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் வைக்க முடியாது. நான் மூன்று வீரமான பெயர்களோடு காத்திருந்தேன். கூட்டமே சேர்ந்து என்னை ‘டாமரிண்ட் கிட்’ ஆக்கிவிட்டது. நாற்பத்து மூன்று வயதில் கிட்.

20 ஏப்ரல் 2024

சரி, எளிமை. தள்ளிப் போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

கேள்வி கேட்டவர் சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது, ஒரு நியாயமும் இருக்கிறது. பிழையை முதலில் பார்க்கலாம். ஆளாளுக்குச் சுட்டுக்கொண்டார்கள் என்பது சினிமா. கேன்சஸில் டாட்ஜ் சிட்டி தெருவில் 1870களின் கடைசியில் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. நடுத்தெருவில் பலகை: துப்பாக்கி கொண்டுசெல்லக் கண்டிப்பாகத் தடை. மந்தை ஓட்டி வருகிறவர்கள் ஊருக்குள் வந்ததும் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும். அரிசோனாவில் டூம்ஸ்டோன் ஊரிலும் 1881-ல் அதே சட்டம். ஓகே கொரால் சண்டை என்று இன்றுவரை பேசுகிறார்களே, அந்த அரை நிமிஷச் சண்டை மூண்டதே அந்தச் சட்டத்தை மீறியவர்களிடமிருந்து துப்பாக்கியை வாங்கப் போனபோதுதான்.

நியாயம் என்னவென்றால், யாருக்கு எளிமை என்பது. கௌபாய்க்கு மாசம் 30, 40 டாலர் சம்பளம். ஒரு கோல்ட் வாங்கினால் பாதி போய்விடும். நாலு பேரில் ஒருவர் கறுப்பர் என்பது வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு, மெக்சிகர்களும் நிறைய. தொழிலில் பாதிச் சொல் மெக்சிகர்கள் கொடுத்தது. சினிமாவில் இவர்களெல்லாம் எங்கே? நாங்கள் சுடுகிற இந்த மண்ணுக்கு மேற்கே ஆண்ட கொமாஞ்சி என்ற பூர்வகுடிகளின் கடைசிப் பெரிய கூட்டம் 1875-ல் சரணடைந்தது. கோல்ட் வந்து இரண்டே வருஷம். அந்த மேய்ச்சல் வாழ்க்கையும் நீடிக்கவில்லை. மேய்ச்சல் நிலத்தை மறித்து முள்கம்பி வேலி வந்தது, 1886-87 குளிர்காலத்தில் வடக்குச் சமவெளியில் மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. மொத்தமே இருபது வருஷக் கூத்து.

இதையெல்லாம் ஒருநாள் பெரியவரிடம் கொட்டினேன். ரிவால்வரைப் பிரித்துச் சுடுதண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். கருமருந்துக் கரிக்கு எண்ணெய் உதவாது, பாத்திரம் தேய்க்கிற சோப்பும் கொதிக்கிற தண்ணீரும்தான். உருளையை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே கேட்டார். அப்புறம் சொன்னார்: “எனக்கு 1880 வேண்டும் என்று யார் சொன்னது? அன்றைக்கு இருந்திருந்தால் பல்வலியிலேயே செத்திருப்பேன். எனக்கு வேண்டியது 1958.”

1958-ல் அவருக்கு ஒன்பது வயது. இரவுத் தொலைக்காட்சி முழுக்க வெஸ்டர்ன் தொடர்கள். கோல்ட் கம்பெனி இரண்டாம் உலகப் போரோடு நிறுத்திவிட்ட அந்த ரிவால்வரை 1956-ல் மறுபடி செய்ய ஆரம்பித்ததே அந்த மோகத்தால்தான். அப்பா வேலையிலிருந்து வருவார், இருவரும் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். இவ்வளவுதான் அவர் சொன்ன எளிமை. கௌபாய் அதில் பின்னணி.

21 ஏப்ரல் 2024

நேற்று எழுதியதைப் படித்தேன். கொஞ்சம் அழகாக முடித்துவிட்டேனோ என்று உறுத்துகிறது. எல்லாரும் அவர் மாதிரி இல்லை. 1880 உண்மையிலேயே வேண்டும் என்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று தெரிந்து நான் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்திருக்கிறேன். வேறு சிலருக்கு ஏக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை, கடிகாரம்தான். லீவரின் வீச்சைக் குறைக்க உள்ளே பாகம் மாற்றி, அதிராத சின்ன .38 தோட்டாவைப் போட்டு, தையல் மெஷின் மாதிரிச் சுடுவார்கள். தொப்பி கட்டாயம் என்பதால் போட்டிருப்பார்கள். புகைக் கோஷ்டிக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. நான் இரண்டு பக்கமும் சேராமல் கடைசி இடத்தில் பத்திரமாக இருக்கிறேன்.

15 ஜூன் 2024

இன்று 38 டிகிரி. கம்பளி வெஸ்ட். எளிமையான காலமாவது மண்ணாவது.

9 நவம்பர் 2024

இந்த இழை செத்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு தகவல் சொல்ல வேண்டும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். தெருமுனைக் கடையில் கேப் துப்பாக்கி இன்னும் விற்கிறார்கள். தகரம் போய் முக்கால்வாசி பிளாஸ்டிக். சுருள் கேப் அதே சிவப்புக் காகிதம், அதே வட்ட டப்பா. கேப்பை விமானத்தில் கொண்டுவர முடியாது, பட்டாசு வகை எதற்குமே அனுமதி இல்லை. துப்பாக்கியை மட்டும் பெரிய பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன்.

இன்று காலை பெரியவரிடம் கொடுத்தேன். வாங்கியதும் முதலில் செய்தது, முனையைத் தரைப் பக்கம் திருப்பியது. மூடியைத் திறந்து உள்ளே காலிதானா என்று பார்த்தார். விரல் விசைக்கு வெளியே. அப்புறம் குதிரையை மெதுவாகப் பின்னால் இழுத்து, காதருகே வைத்துக் கேட்டார். டைமிங் சரியில்லை, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, ஒருநாள் வைத்துவிட்டுப் போ, சரி பண்ணித் தருகிறேன் என்றார்.

அவர் சின்ன வயதில் வைத்திருந்த கேப் துப்பாக்கியிலும் காகிதம் சிவப்புத்தானாம். காசு மிச்சம் பிடிக்க, துப்பாக்கியில் போடாமல் சுருளை மொத்தமாகக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தார்களாம். நாங்கள் அம்மிக்குழவி என்றேன்.